வாட்டம் இல்லை என்று எழுதினேன்

கடைசி அறைக் குழந்தைக்கு அந்த மழைக்காலத்தில் வந்த வயிற்றுப்போக்கு, நான் எழுதிய ஒரு வரியால் வந்ததா?

இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "பம்பாய் மழையில் எந்தக் குழந்தைக்குத்தான் வரவில்லை?" என்று சொல்லிவிட்டு என் பெண்ணின் நாக்கைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். என் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் இருப்பது முதல் அறை. அதோடு, தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைப்பவள் நான். கொதித்ததா என்று சந்தேகம் வந்தால் மூன்றாவது தடவையும்.

செம்பூர் ஸ்டேஷனைத் தாண்டி, டிராம்பே போகிற பஸ் திரும்பும் இடத்துக்குப் பின்னால் எங்கள் சால். எதிரெதிரே இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு அறை, நடுவில் ஒரு திறந்த சாக்கடை. எல்லா வீட்டிலும் குளித்துக் கழுவும் மூலையான மோரியின் தண்ணீர் அதில் இறங்கி, கீழ்க்கோடியில் பொதுக் கழிப்பறைக்குப் பின்னால் இருந்த செப்டிக் டேங்குக்குப் போய்ச் சேர வேண்டும். நாங்கள் தை மாதம் குடிவந்தோம். மேல்கோடியில் எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் அது வெறும் கறுப்புக் கோடு. நாற்றம் உண்டு, ஆனால் பம்பாயில் நாற்றம் இல்லாத இடம் எது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பம்பாயிலேயே, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து மெட்ரிக் வரை படித்தவள். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. மற்றவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், தாராவியில் சில வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். கடைசி அறையில் ஒரு கொத்தனார், அவர் மனைவி, என் பெண்ணைவிட ஒரு மாதம் சின்னதாக ஒரு குழந்தை. கொத்தனார் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் அவர் மனைவி என்னை நாத்தனார் முறையில் மைனி ஆக்கிக்கொண்டாள். மாட்டுங்கா மைனி என்பதுதான் சாலில் என் பெயர்.

கார்ப்பரேஷன் சாக்கடை எட்டாத சின்னக் குடியிருப்புகளுக்கு ஒரு தர்ம ஸ்தாபனம் உதவி செய்கிறது என்று என் கணவர் ஆபீஸில் கேள்விப்பட்டு ஒரு விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தார். இன்ஜினீயரை அனுப்பி இலவசமாக யோசனை சொல்வார்களாம். நிலைமை மோசம் என்றால் குழாய்க்கும் டேங்குக்கும் மானியமும் உண்டாம். பாரம் முழுக்க ஆங்கிலம். பூர்த்தி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. சாலின் சார்பில் பதில் சொல்லக் கொத்தனார் வந்தார், கையில் காரை காய்ந்து ஒட்டியிருந்தது.

"இந்தச் சாக்கடையால குடியிருக்கறவங்களுக்கு என்ன கஷ்டம்னு கேட்டிருக்கு, அண்ணாச்சி."

அவர் யோசிக்கவே இல்லை. "வாட்டம் இல்ல தங்கச்சி. அம்புட்டுதான். வாட்டம் இல்லன்னு எழுதிப்போடுங்க."

எனக்குத் தெரிந்த வாட்டம் முகத்தில் வருவது, செடியில் வருவது. இவ்வளவு நாற்றத்தின் பக்கத்தில் குடியிருந்துகொண்டு மனம் வாடவில்லை என்கிறாரே என்று நான் நெகிழ்ந்து போனேன். அப்படித்தானா என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. கஷ்டத்தை வெளியே சொல்ல விரும்பாத மனிதரை மறுபடி கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். எதையும் மூன்று தடவை கேட்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை. இங்கே குடியிருப்பவர்களுக்கு வருத்தம் ஏதும் இல்லை என்று நல்ல ஆங்கிலத்தில், நல்ல கையெழுத்தில் எழுதினேன். என் கணவர்கூடப் பாராட்டினார்.

மழைக்கு முன்பே பதில் வந்தது. சிரமம் இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் அவசரமான இடங்களை முதலில் பார்க்கிறோம், உங்களுக்கு மழைக்குப் பிறகு, அதுவும் யோசனை மட்டும் என்று. கௌரவமாக எழுதியதை இப்படியா எடுத்துக்கொள்வது என்று எனக்கு அவர்கள் மேல்தான் கோபம் வந்தது. சாலில், "மழை முடிஞ்சு வருவாங்களாம்" என்று மட்டும் சொன்னேன்.

மழை வந்த பிறகுதான் சாக்கடையின் சங்கதி எனக்குத் தெரிந்தது. கடைசி அறைகளுக்கு முன்னால் தரை தூக்கியிருந்தது. தண்ணீர் டேங்குக்குப் போகாமல் அங்கேயே நின்றது. போதாதென்று டேங்கில் இருந்ததும் பொங்கித் திரும்பி வந்து, கொத்தனார் வீட்டு வாசற்படியைத் தொட்டது. அவர் மனைவி செங்கல்லை அடுக்கி அதன் மேல் நின்று சமைத்தாள். ஆவணியில் குழந்தை வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டது. எட்டு நாள் ஆஸ்பத்திரி. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோடு நான் தினமும் போய் வந்தேன். வீடு திரும்பியபோது குழந்தையின் கை என் விரல் அளவு இருந்தது.

தீபாவளி முடிந்து இன்ஜினீயர் வந்தார். மராட்டிக்காரர், இளவயது, சேற்றில் இறங்கத் தயங்காதவர். மேல்கோடியிலிருந்து கீழ்க்கோடி வரை கயிறு கட்டினார். ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "டால் நஹீ ஹை! பில்குல் டால் நஹீ!" என்றார்.

கொத்தனார் மனைவி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "என்ன மைனி, பருப்பு இல்லைங்காரு? எங்க வீட்டுலயுந்தான் இல்ல. சாக்கடைக்குள்ள தேடுனா கெடச்சிருமாக்கும்?"

வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கொத்தனாரும் சிரித்தபடி, "பருப்பு இல்லட்டி, கோட்டிக்காரி. தண்ணி ஓடுற சரிவ இந்தியில டால்ம்பான். நம்ம வாட்டம். அதத்தாம்லா அன்னைக்கே தங்கச்சிட்ட சொன்னேன், வாட்டம் இல்லன்னு" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோனது.

இன்ஜினீயர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "வேலை கட்டாயம் வேண்டும். ஆனால் பைலில் சிரமம் இல்லை என்றிருக்கிறது. அது மாறாமல் குழாய்க்கு மானியம் கிடைக்காது. அடுத்த மழையும் இப்படித்தான் போகும்."

சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மொழிபெயர்ப்பில் தவறுன்னு பொதுவா எழுதிடு. உன் பேர் எதுக்கு?" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அப்படியே ஒன்று எழுதிப் பார்த்தேன். படித்தால், யாரோ ஒரு கொத்தனார் சரியாகச் சொல்லத் தெரியாமல் சொன்ன மாதிரி இருந்தது. கிழித்தேன். இன்னும் மூன்று கிழித்தேன். கடைசியில் எழுதியது இதுதான்: வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. கொத்தனார் சரியாகச் சொன்னார். எனக்கு அந்த அர்த்தம் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. தவறு என்னுடையது. இந்த மழையில் ஒரு குழந்தை எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. கீழே என் முழுப் பெயரைப் போட்டேன். தபால்பெட்டியில் போட்ட பிறகு, இதனால் உள்ளதும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, பெட்டிக்குள் கை விட முடியுமா என்றுகூடப் பார்த்தேன்.

மூன்று வாரத்தில் மானியம் கொடுப்பதாகக் கடிதம் வந்தது.

அதன் பிறகு நடந்ததை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். மங்களூர் ஓடு ஏற்றி வரும் லாரியில் குழாய் வந்து இறங்கியது. பள்ளம் தோண்டியது எங்கள் சால் ஆண்கள், குழாய் பதித்தது எங்கள் கொத்தனார். வாரம் ஒரு முறை வந்து இன்ஜினீயர் சொன்னதையெல்லாம், பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு தமிழில் சொன்னது நான். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு பக்கமும் கேட்டு உறுதி செய்தேன். கொத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. "தங்கச்சி, செங்கல்லுன்னா செங்கல்லுதான். அதுக்கு வேற அர்த்தம் கெடையாது."

மூடுவதற்கு முந்திய நாள் சோதனை. மேல்கோடியில் என் கணவர் ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றினார். கீழ்க்கோடியில் டேங்கின் வாயில் நாங்கள் பெண்கள் எல்லாரும் குனிந்து நின்றோம். நீலம் வழியில் நின்றுவிடுமோ என்று நான் மட்டும் குழாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்தேன். "வருது, வருது!" என்று கொத்தனார் மனைவி கத்தினாள். கலங்காமல், தேங்காமல் நீலத் தண்ணீர் வந்து டேங்கில் விழுந்தது. அதைப் போல அழகான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை. சாக்கடைத் தண்ணீரைப் பார்த்து அழுத ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது நான்தான்.

அடுத்த மழையில் கடைசி அறை வாசல் காய்ந்து கிடந்தது. குழந்தை அங்கே தத்தித் தத்தி நடந்தது.

டேங்கை எப்போது திறந்து பார்க்க வேண்டும், எதையெல்லாம் மோரியில் போடக் கூடாது என்று தமிழில் ஒரு தாள் எழுதித் தரச் சொன்னார் இன்ஜினீயர். வடாலாவிலும் பாண்டுப்பிலும் இருக்கிற தமிழர் குடியிருப்புகளுக்கு அதைப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் முதல் வரியே 'வாட்டம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதுதான். படித்தவர்கள் யாராவது அதைத் திருத்திவிடப் போகிறார்களே என்று அடிக்கோடும் போட்டேன்.

ஆனால் குழாயடியில் யார் புதிதாக வந்தாலும் கொத்தனார் மனைவி என்னைக் காட்டி, "எங்க மாட்டுங்கா மைனி ஒரு காயிதம் எழுதுனா பாருங்க, குழா தானா வந்துட்டு" என்கிறாள். எந்தக் காயிதம், அதில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. என் தவறு ஒரு ஆபீஸ் பைலில் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில், என் கணவரைத் தவிர, சாலில் நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், முடிந்துபோன எட்டு நாளை அவள் மறுபடி அனுபவிப்பாள். சொல்லாவிட்டால், அவள் கொடுக்கிற பெருமையில் ஒரு பங்கு திருட்டு.

இதைப் படிக்கும் நீங்கள், முக்கியமாகக் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர்கள், எனக்கு யோசனை சொல்லுங்கள். நீங்கள் கடைசி அறையில் இருந்தால், முதல் அறைக்காரி வந்து இதைச் சொல்ல வேண்டும் என்று விரும்புவீர்களா?