ஆயுத பூஜைக்குப் பிறகு மின்னிய செல்கள்

மதுரையில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் லேப் இன்சார்ஜாக இருந்தேன். எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஎன்ஏ உடைந்தால் ஒட்டுவதற்கு செல்லுக்குள் சில புரதங்கள் ஓடிவரும். சாயம் ஏற்றினால் அவை மைக்ராஸ்கோப்பில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். மார்பகக் கட்டியில் புள்ளி இல்லையென்றால் ரிப்பேர் நடக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட கட்டியைத்தான் நாங்கள் சோதித்துவந்த மாத்திரை கொல்லும்.

திருமங்கலத்திலிருந்து செல்வராணி டீச்சர் அந்த மாத்திரைக்காக வந்தார். மற்ற மருந்தெல்லாம் கைவிட்டிருந்தது. அவருக்குப் பரம்பரையாகவே ரிப்பேர் ஜீனில் கோளாறு. புள்ளி இருக்காது என்றுதான் நினைத்தேன். ஸ்லைடை வைத்துப் பார்த்தால் கார்த்திகை விளக்கு மாதிரி மின்னியது. அந்த வாரம் பார்த்த எல்லோருடைய கட்டியும் அப்படியே மின்னியது.

டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா மேடம்! மதுரக்காரன் செல்லே தனி. ஒடஞ்சா ஒடனே ஒட்டிக்கிது!"

மத்தியானத்துக்குள் நிருபர்கள் வந்துவிட்டார்கள். வைகைத் தண்ணீருக்கும் பாண்டியர் வீரத்துக்கும் பேட்டியில் தாராளமாகப் பங்கு கொடுத்தார். மாத்திரை கிடையாது என்று டீச்சரிடம் சொல்லும் வேலை மட்டும் எனக்கு வந்தது.

"ரிப்பேரு இம்புட்டு ஜோரா நடக்குதுன்னா, எனக்கு ஏம்மா கட்டி வந்துச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. லேப்புக்கு ஓடினேன். திசு எதுவும் வைக்காத வெறும் ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். அதுவும் மின்னியது.

முந்தின வாரம் ஆயுத பூஜை. நாங்கள் மெஷின்களுக்குப் பொட்டு வைத்ததோடு சரி. டைரக்டர் மட்டும் ஆராய்ச்சி பெருகட்டும் என்று, திறந்திருந்த ஸ்லைடு டப்பாக்களின் மேல் மஞ்சளும் அட்சதையுமாகத் தூவித் தள்ளியிருந்தார். மைக்ராஸ்கோப்பின் நீல ஒளி பட்டால் மஞ்சள்பொடி பச்சையாக ஒளிரும்.

"சார், அம்புட்டும் மஞ்சப்பொடி."

"மெல்லப் பேசுங்க. பேப்பர்ல வந்துருச்சு. அடுத்த மாசம் பையத் திருத்திக்கிருவோம்."

"அந்த டீச்சர் அதுவரைக்கும் தாங்கணுமே சார்?"

"ஒரு ஆளுக்காக நம்ம மானத்த வாங்கச் சொல்றீங்களா?"

வாங்கினேன். அவர் எதிரிலேயே மருந்துச் சோதனைக் குழுவுக்குப் போன் போட்டேன். புது டப்பா ஸ்லைடில் டீச்சரின் கட்டியை மறுபடி பார்த்தபோது ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. ஸ்லைடில் ஒன்றும் தெரியாததற்காக நான் சந்தோஷத்தில் அழுதது அன்றைக்குத்தான். மாத்திரை தொடங்கியது, கட்டியும் சுருங்கியது. டைரக்டர் இன்னொரு பேட்டி கொடுத்தார், மஞ்சளின் மகிமை பற்றி.

இந்த வேலையில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். ஆசைப்பட்ட முடிவு கிடைத்தால் முதலில் வெறும் ஸ்லைடைப் பாருங்கள். டிஎன்ஏ உடைந்தது தெரிந்தால் நல்ல செல் மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஒட்டப் பார்க்கும். முடியாவிட்டால் மற்ற செல்களைக் கெடுக்காமல் செத்துப்போகும். இரண்டும் செய்யாத செல்தான் புற்றாகி வேறு இடத்துக்குப் பரவும். எங்கள் டைரக்டர் பதவி உயர்வில் டெல்லிக்குப் போனார்.