மாற்று அரசு படுத்த கட்டில்

பேரழிவு வந்தால் ஆள ஒரு நாட்டுக்கு மாற்று அரசு தேவையா என்று படித்தவர்கள் விவாதிக்கும்போது எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். மாற்று அரசின் கட்டிலில் ஒரு மாரி முழுக்கப் படுத்தவன் நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸில் கூர் நகருக்குப் பக்கத்து ஊரொன்றில், தஞ்சம் கேட்ட எங்களை நிலத்துக்குக் கீழே பங்கரில் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பங்கர் வெட்டி அலுத்து ஓடிவந்தவனுக்கு சுவிஸ் தந்த முதல் விலாசமும் பங்கர்! அணுகுண்டு விழுந்தால் ஊர்ப் பெரியவர்கள் உள்ளே இருந்து ஆட்சி நடத்தக் கட்டியது. குண்டு விழாத காரணத்தால் எங்களுக்குக் கிடைத்தது.

ஒரு காலை பொறுப்பாளர் வந்தார். இன்று அணுகுண்டு ஒத்திகை, மாலைவரை எல்லோரும் வெளியே. வெளியே பனி கொட்டியது. பக்கத்துக் கட்டில் அண்ணைக்கோ காய்ச்சல். மூச்சு விட்டால் நெஞ்சு கரகரத்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்ற திமிரில் பேசப் போனேன்.

"இவர் மட்டும் படுத்திருக்கட்டும்."

"அந்தக் கட்டில் காயக்காரருக்கு" என்று வாசலைக் காட்டினார். அங்கே ஒரு பருத்த மனிதர் அப்பிள் கடித்துக்கொண்டு நின்றார். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கால் முறிவு'.

"என்னவாம் தம்பி?" என்றார் அண்ணை.

"உங்கட கட்டில் அந்தாளுக்காம். கால் முறிஞ்சிட்டுதாம்."

"நல்லா நடந்து வாறாரே?"

"குண்டு இன்னும் விழேல்லை அண்ணை."

"அப்ப எனக்கும் ஒரு அட்டை கட்டச் சொல்லு. காய்ச்சல் எண்டு."

மொழிபெயர்த்தேன். பொறுப்பாளர் நல்ல மனிதர். அதுதான் தாங்க முடியவில்லை. உண்மையாகவே யோசித்துவிட்டு, "இந்த ஒத்திகையில் காய்ச்சல் இல்லை" என்றார்.

"உண்மையாகவே குண்டு விழுந்தால் நாங்கள் எங்கே போவது?"

"அப்போதும் இப்படித்தான்" என்றார், மிகுந்த மரியாதையோடு.

பங்கருக்கு மேலே இருந்த பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையில் அண்ணையை என் கோட்டாலும் சுற்றி உட்கார வைத்தேன். பங்கரின் காற்றுக் குழாய் வழியே கோப்பி மணம் வந்தது. உள்ளே நாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நடுங்கும் ஒரு மனிதன் கணக்கில் வராவிட்டால், எந்த நாட்டையடா காப்பாற்றுகிறீர்கள்? படித்த தமிழ் முழுவதையும் எடுத்துத் திட்டினேன். இலக்கியத் தமிழில் கெட்ட வார்த்தை போதாது என்று அன்றுதான் தெரிந்தது.

மாலையில் கதவு திறந்தது. முறிந்த கால் எங்களுக்குக் கைகொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்து போயிற்று. அண்ணையால் எழும்ப முடியவில்லை. பொறுப்பாளர் உடனே அம்புலன்சைக் கூப்பிட்டார். ஒத்திகை முடிந்துவிட்டதே, இனிக் காய்ச்சல் இருக்கலாம்.

தூக்கிக்கொண்டு போகும்போது அண்ணை என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அரசாங்கம் தப்பிட்டுதோ?"

"ஓம் அண்ணை. ஒரு கீறலும் இல்லை."