லேத்துக்கு எந்த எண்ணெய்

காலை ஆறு பத்து. பட்டறை ஷட்டரை இடுப்பளவு தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போனேன். முதலில் கண்ணில் பட்டது லேத்தின் மேல் வழிந்து நின்ற வெள்ளை.

லேத்தின் சுழலும் தண்டைத் தாங்கும் தலைப்பெட்டி மேல் பித்தளையில் இரண்டு எண்ணெய்க் கிண்ணங்கள் உண்டு. கோழிமுட்டையை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான் அளவு. முன்பக்கக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தபோது உள்ளேயும் மெழுகுபோல் உறைந்திருந்தது. பின்பக்கத்திலும் அதே. தை மாதத்தில் எங்கள் பக்கத்து அடுக்களைகளில் சில விடியற்காலைகளில் தேங்காய் எண்ணெய் குப்பிக்குள் இப்படித்தான் நிற்கும். வெயில் ஏறியதும் உருகிவிடும் என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை.

கிண்ணங்களில் இருந்ததும் தேங்காய் எண்ணெய்தான். ஊற்றியது நான்.

லேத் என் கணவருடையது. குளத்தூரில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கூரைப் பட்டறையில், மோட்டார் பம்புகளுக்கும் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின்களுக்கும் தேய்ந்துபோன உருப்படிகளைப் புதிதாகக் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பங்குனியில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் தினமும் காலையில் கையை எண்ணெய் தேய்த்து நீவச் சொன்னார்கள். வெண்கலக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடாக்கித் தோளிலிருந்து விரல்நுனி வரை தேய்ப்பேன். முடிந்ததும் பட்டறைக்குப் போய் லேத்தைத் துடைத்து, உருப்படியைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கை ஒரு சுற்று கையால் சுற்றிவிட்டு வருவேன். மெஷின் எண்ணெய் டின் இரண்டாவது வாரத்தில் காலியானது. கையிலிருந்த கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. கதவுக் கீலுக்கும் பூட்டுக்கும் தையல் மெஷினுக்கும் நாங்கள் விடுவது அந்த எண்ணெய்தான். அன்று லேத்துக்கும் விட்டேன். அதற்குப் பிறகு பத்து மாதம், தினமும்.

இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழில் அடுத்தவர் எழுதியதைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவள் நான். ஒரு டின்னின் மேல் என்ன எழுதியிருக்கிறது, ஏன் எழுதியிருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவர் சொல்லியிருந்தார், லேத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று. பேச்சு திரும்பியிருந்தது, மெதுவாக. வலது கையில் பிடி வந்திருந்தது. ஆனால் சூடும் குளிரும் அந்தக் கைக்குத் தெரியவில்லை, தொடு உணர்வும் மங்கல்தான். "பேரிங் நல்லா இருந்தா நான் வேலைக்கு எறங்குவேன். போயிருந்தா இரும்புக்காரனுக்குக் குடுத்துருவோம்," என்றார். புது பேரிங் கடைய இன்னொரு லேத் வேண்டும். இன்னொருவர் பட்டறையில், இந்தக் கையை வைத்துக்கொண்டு, ஓரமாக நிற்க அவருக்கு மனமில்லை. இதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

வீட்டுக்குள் வந்தபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"இஞ்ச பாருங்க. லேத்துக்கு நான் தேங்காய் எண்ணெயாக்கும் விட்டேன். இவ்வளவு நாளும்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு மூடியும் அடைக்குத சத்தம் இங்க கேக்கும். ஏழு மணிக்கு முன்ன. திரும்பி வந்தா ஒனக்க கையில ஒரே மணம்தான். மெஷின் எண்ணெய் மணம் இல்ல."

"பின்ன என்னத்துக்குச் சொல்லல்ல?"

அவர் வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அது அவருடைய காலைப் பயிற்சி.

"முதல்ல சொல்ல நாக்கு வரல்ல. நாக்கு வந்த பிறகு, சொன்னா நீ அங்க போகமாட்டன்னு இருந்துட்டேன்."

நான் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி அடுப்பில் வைத்தேன். வழக்கம்போலக் கையைத் தேய்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இருவரும் பட்டறைக்குப் போனோம்.

பேரிங் என்பது அந்த லேத்தில் வெண்கலத்தால் ஆன ஒரு வளையம், மேல் பாதி கீழ் பாதி என இரண்டு துண்டு. அதற்குள்தான் சுழலும் தண்டு உட்கார்ந்திருக்கிறது. மேல் மூடியின் நட்டுகளைக் கழற்ற அவர் கைக்கு வலு போதாது. சாலைக்கு அந்தப் பக்கம் பைக் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டோம். அவர் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணே, இது லேத்தா, பப்படம் பொரிக்குத சட்டியா?"

"எலே, ஸ்பானரப் பிடி. பப்படம் பிறகு தாறேன்."

"மைனி, நெசமா நீங்களா ஊத்துனது? என் பெஞ்சாதி பரவாயில்ல. பெட்ரோல் டாங்க்ல தண்ணி மட்டுந்தான் விட்டா."

மூடி வந்தது. வெண்கலத்தின் ஓரங்களில் பச்சை பிடித்திருந்தது, குளத்துப் படிப் பாசியின் நிறத்தில். எண்ணெய் புளித்தால் அதில் ஒரு அமிலம் உண்டாகும், அது வெண்கலத்தை அரிக்கும் என்று என் கணவர் சொன்னார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. எண்ணெயை உள்ளே இறக்கும் கம்பளித் திரிகள் பிசுபிசுத்து விறைத்திருந்தன. அவற்றை எடுத்து எறிந்தோம். மண்ணெண்ணெயில் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பச்சையை நான் துடைத்தேன். நாலு துணி ஆனது. ஐந்தாவது துணியில் பச்சை வரவில்லை.

பிறகு தண்டு. அதன்மேல் கீறல் ஆழமாக விழுந்திருந்தால் எந்த எண்ணெயாலும் பயனில்லை. அதைப் பார்க்க லேத் வேலைக்காரர்களுடைய முறை நகம்தான். கட்டைவிரல் நகத்தைத் தண்டின்மேல் குறுக்கே இழுக்க வேண்டும். கீறலில் நகம் தட்டி நின்றால் தண்டு போயிற்று என்று அர்த்தம். என் கணவர் வலது கட்டைவிரலை வைத்து இழுத்தார். திரும்பவும் இழுத்தார். நகத்தின் உணர்வு அவருக்கு நிச்சயமாகவில்லை. இடது கையால் இழுத்துவிட்டு, அதற்குப் பழக்கமில்லை என்று தலையசைத்தார்.

"நீ இழு."

இழுத்தேன். சாலையில் ஒரு பால் வண்டி போயிற்று.

"ஒரு வரி உண்டு," என்றேன்.

"நகம் நிக்கா?"

"இல்ல. தெரியுது, ஆனா நிக்கல்ல."

"இன்னொரு தடவ. மெதுவா."

"நிக்கல்ல."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீ ஓட்டாம சுத்திவிட்டதாக்கும் காத்தது. இந்த எண்ணெயில ஓட்டியிருந்தா தின்னு தீத்திருக்கும்."

பைக் மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்து வைத்தார். "செரி, அப்ப பப்படம் வேண்டாம், சாயா போதும்," என்றார்.

பத்து மணிக்கு ஆட்டோவில் பாறசாலைக்குப் போனோம். ரயில் நிலையம் போகும் வழியில் எண்ணெய்க் கடை. கடைக்காரர் வேறொருவரிடம் மலையாளத்தில் விலை சொல்லிக்கொண்டே எங்களிடம் தமிழுக்கு மாறினார். பைக் மெக்கானிக் அதற்குள் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"வாங்க அண்ணே. அடுக்களையில எண்ணெய் தீந்து போச்சா?"

என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு வழியில்லை.

"தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் தரட்டா? நல்ல கட்டி. ஒரு தடவ விட்டா ஒரு மாசம் பாக்காண்டாம்."

"வேண்டாம். அதுல கந்தகம் உண்டு. வெண்கலம் கறுத்துப் போவும்."

"தேங்காய் எண்ணெயே அத ஒண்ணும் செய்யல்ல, இதா செய்யப் போவுது?"

"செஞ்சுது. மெல்லச் செஞ்சுது."

"அப்ப எஞ்சின் ஆயில்?"

அதற்கும் அவர் தலையசைத்தார். காரணத்தை என்னைப் பார்த்துச் சொன்னார், நீளமான வாக்கியம் என்பதால் இரண்டு இடத்தில் நிறுத்தி. எஞ்சின் எண்ணெய் அழுக்கைத் தன்னுள் தூக்கி வைத்துக்கொள்ளும். வண்டியில் அதை வடிகட்ட ஃபில்டர் இருக்கிறது. எங்கள் லேத்தில் ஃபில்டர் இல்லை. இங்கே அழுக்கு அடியில் படிய வேண்டும், எண்ணெயோடு சேர்ந்து சுற்றக் கூடாது. கிரீஸும் ஆகாது. இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொண்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி.

தலைப்பெட்டிக்கு அவர் எப்போதும் விட்டது முப்பத்திரண்டாம் நம்பர். நம்பர் கூடினால் எண்ணெய் கட்டி. கடைக்காரர் முப்பத்திரண்டை எடுத்து வைத்துவிட்டார். என் கணவர் டின்னைத் தொடவில்லை. பலகைமேல் விரலால் ஏதோ ஒரு வட்டம் வரைந்தார், அதற்குள் இன்னொரு வட்டம்.

"நாப்பத்தாறு தா."

"எப்பவும் இதுதானே கொண்டு போவிய?"

"பச்ச அரிச்ச எடத்துல எடவெளி கூடியிருக்கும். முன்ன உள்ள இறுக்கம் இருக்காது. மெல்லிசு எண்ணெய் விட்டா நிக்காது, ஓடிப் போவும்." பிறகு சொன்னார்: "வயசானா கொஞ்சம் கட்டியா வேணும்."

"அப்ப எனக்கும் ஒரு லிட்டர் எடுத்து வைக்கேன்," என்றார் கடைக்காரர்.

வெட்டும் உளியைச் சுமந்து செல்லும் கேரியேஜ் நகரும் இரும்புப் படுகைக்கு அறுபத்தெட்டு வாங்கினோம். அது விரலில் தொட்டுப் பிரித்தால் நூல்போல் இழுபடும். படுகையில் எண்ணெய் வழிந்து போகாமல் ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் அது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு டின்களின் மேலும் மார்க்கர் பேனாவால் எழுதினேன்: பேரிங், படுகை. எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றார்.

புதிய திரிகளைப் போட்டுக் கிண்ணங்களை நிரப்பிவிட்டுக் காத்திருந்தோம். எண்ணெய் திரி வழியாக இறங்கி வெண்கலத்தை நனைக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தில் நான் படுகையை அறுபத்தெட்டால் துடைத்தேன். அவர் இடது கையால் 'சக்'கைச் சுற்றிக்கொண்டே காதைத் தலைப்பெட்டியருகே வைத்திருந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு ஸ்விட்சைப் போட்டார். பெல்ட் ஒருமுறை வழுக்கிப் பிடித்தது. குறைந்த வேகத்தில் தண்டு சுழன்றது. தட்டும் சத்தம் இல்லை. பேரிங் சூடேறுகிறதா என்பதை லேத் வேலைக்காரர்கள் பார்ப்பது உள்ளங்கையால். கையை வைத்துப் பத்து எண்ண முடிந்தால் சரி, முடியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அவர் முன்பக்க மூடிமேல் இடது கையை வைத்தார். பின்பக்கத்துக்கு வலது கை போயிற்று, பாதியில் நின்றது.

"நீ வையி."

வைத்தேன். அந்த அதிர்வு முழங்கை வரை வந்தது. பத்து எண்ணினேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி, இருபது நிமிடம் கழித்து மறுபடி.

"எப்படி உண்டு?"

"வெதுவெதுப்புதான். ஒங்க கை அளவு."

"எந்தக் கை?"

"ரெண்டும்தான்."

அவர் எழுந்து கேரியேஜின் முன் போய் நின்றார். அதை நகர்த்தும் கைச்சக்கரத்தின் பிடியில் வலது கையை வைத்து, விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கினார். இடது கையை எடுத்துவிட்டார். நாலு சுற்று சுற்றினார்.

கேரியேஜ் மூன்று அங்குலம் நகர்ந்தது.