மிச்சம் இரண்டு வேளை

உள்ளறையிலிருந்து ‘ணங்’கென்று ஒரு சத்தம் வந்தது. அடுப்படியில் துணியைப் பிழிந்துகொண்டிருந்த சீசாம்மா காதைத் தீட்டிக்கொண்டாள். எட்டிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும்: கனத்த அடிப்பாகம், குட்டைக் கழுத்து, மாத்திரை ஜாடி. உடையவில்லை, இன்னொன்றோடு மோதியிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் சீசா கழுவும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவளின் காது அது.

“மெதுவா, கண்ணு! அது என்ன செங்கல்லா?”

“வாய் சில்லு போனதை மட்டும்தான் சாக்குல போடுறேன், அத்தை,” என்று மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “மத்ததையெல்லாம் பழைய சீசாவுக்கு விலை சொல்றவர் வந்து பார்த்துச் சொல்லட்டும். தேறினா வித்துடலாம். தேறலைன்னா சாயங்காலமே பழைய சாமான் வண்டி. நாளைக்குத் தையல் மெஷின் வருது, அதை நான் தலையிலயா வச்சுக்கிட்டுத் தைக்கிறது?”

தேறினாலும் போகும், தேறாவிட்டாலும் போகும். எப்படிப் பார்த்தாலும் சீசாம்மாவுக்கு மிஞ்சப்போவது வெறும் சுவர்தான். ஆனால் அவளால் மருமகளைக் குறை சொல்ல முடியவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஜன்னல் வெளிச்சம் விழுவது அந்தச் சீசாப் பலகை இருந்த சுவரில் மட்டும். கையாலேயே தைத்துத் தைத்துப் பாவம், அந்தப் பெண்ணுக்கு இப்போதே கண்ணில் நீர் வடிகிறது.

புருஷன் கண்ணை மூடியபோது சீசாம்மாவுக்கு இருபத்து மூன்று வயது, இடுப்பில் ஒரு பிள்ளை. கொட்டகைக்குப் போனாள். மருந்துக்கடைகளிலிருந்து கூடை கூடையாகக் காலி சீசாக்கள் வரும். வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்து, ஊறவைத்து, லேபிளைச் சுரண்டி, பிரஷ் விட்டுக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். அளவுக்கு ஒத்துவராதவற்றைக் கழுவுமுன்பே முதலாளி தூக்கிப் போட, அவள் முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்படிச் சேர்ந்தவை நாற்பத்திரண்டு.

பதினோரு மணிக்கு விலை சொல்பவர் வந்தார். மெலிந்த மனிதர். கையில் பூதக்கண்ணாடி, தோளில் பை. பலகையைப் பார்த்தவர் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார்.

“அனுப்பின போட்டோவுல லேபிளெல்லாம் இருந்துச்சே, அம்மா?”

“இருந்துச்சுங்க,” என்றாள் சீசாம்மா பெருமையோடு. “பெரிய மனுஷர் வர்றாரு, அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்? காலையில எழுந்ததும் வெந்நீர் போட்டுச் சுத்தமா சுரண்டிட்டேன். பாருங்க, முகம் பார்க்கலாம்!”

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “அம்மா, அந்த லேபிளுக்குத்தான் விலை. அந்த அழுக்குக்குத்தான் விலை.”

“அத்தை!” மருமகள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். “காசைக் கரைச்சுச் சாக்கடையில ஊத்திட்டு, முகம் வேற பார்க்கச் சொல்றீங்களா?”

சீசாம்மாவின் முகம் சுருங்கிப்போனது. வாழ்நாளெல்லாம் சோறு போட்ட வேலையே இன்று அவள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டது.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவினார். “அச்சுக் கோடு வாய் விளிம்பு வரைக்கும் ஏறியிருக்கு. மெஷின்ல செஞ்ச ஜாடி, விலை போகாது... இதுவும் மெஷின்... இதுவும்தான்.” சட்டென்று அவர் கை நின்றது. பலகையின் கோடியில், ஒரு துணிக்குப் பின்னால், சின்னதாக ஒரு நீலச் சீசா. மங்கிய லேபிள். பக்கவாட்டில், வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதப் பட்டை. கார்க் மூடியபடி, அடியில் கெட்டித்துப் போன மருந்து.

“இதை எப்படிக் கழுவாம விட்டீங்க?” அவர் குரல் தழைந்தது. “கோடு கழுத்தோட நிக்குது, பாருங்க. வாயைக் கையால வச்சிருக்காங்க. லேபிள், பட்டை, மருந்து, எல்லாம் அப்படியே இருக்கு. இது கிடைக்கவே கிடைக்காதும்மா.”

ஒரு தொகை சொன்னார். நாளைக்கு வரப்போவது யாரோ ஓட்டி ஓய்ந்த பழைய மெஷின். அவர் சொன்ன தொகைக்கு மோட்டார் வைத்த புது மெஷினே வாங்கலாம். மருமகளின் கண்கள் விரிந்தன.

“கொடுத்துடு, கண்ணு,” என்றாள் சீசாம்மா, சுவரைப் பார்த்தபடி. “உனக்குக் கண்ணு முக்கியம்.”

அந்தக் குரலில் ஏதோ ஒன்று மருமகளை உறுத்தியது. சீசாவை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்து லேபிளைப் படித்தாள். ‘ஆண் குழந்தை, வயது 4. மூன்று மணி நேரத்துக்கு ஒரு வேளை. மொத்தம் ஆறு.’

“யாரு அத்தை இந்தக் குழந்தை?”

“உன் புருஷன்தான், வேற யாரு?”

மருமகள் சீசாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“காய்ச்சல்ல உடம்பு தணலாக் கொதிச்சுது. கண்ணே திறக்கலை. ஆறு வேளைக்குள்ள இறங்கலைன்னா தன் கையில ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். நாலாவது வேளை உள்ளே போச்சு, ‘அம்மா, பசிக்குது’ன்னான்.” சீசாம்மா மூக்கை முந்தானையால் துடைத்தாள். “கொட்டகைக்கு மருந்து மிச்சத்தோட எத்தனையோ சீசா வரும், கண்ணு. பிழைச்சதால மிச்சமா, போனதால மிச்சமான்னு யாருக்குத் தெரியும்? தெரியாமலேதான் கொட்டிக் கழுவுவேன். பதில் தெரிஞ்ச சீசா எனக்கு இது ஒண்ணுதான். இந்த ரெண்டு வேளையைக் கொட்ட மனசு வரலை.”

மருமகளின் கட்டை விரல் அந்தக் காகிதப் பட்டையின் பற்களை மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அங்கேயே நின்றது.

“இன்னும் கொஞ்சம் கூட்டித் தரேன்,” என்றார் அவர், பையைத் திறந்தபடி.

“வேண்டாம் சார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “இந்த மிச்சத்தைக் குடிக்காம தப்பிச்ச ஆளு ஏழு மணிக்கு லாரியை நிறுத்திட்டு, சோறு எங்கேன்னு வந்து நிப்பாரு. அவர்கிட்ட நான் என்ன பதில் சொல்றது?”

“அப்போ மெஷின், கண்ணு?” என்றாள் சீசாம்மா பதறி.

“பழைய மெஷின் போதும், அத்தை. பலகையை ரெண்டு முழம் மேலே ஏத்தி அடிச்சா கீழே மெஷின் போட்டுக்கலாம். பொத்தான், கொக்கி போட்டு வைக்க எனக்கும் ஜாடி வேணும். அதான் முகம் பார்க்கிற மாதிரி கழுவி வச்சிருக்கீங்களே!” என்றவள் சாக்கை அவிழ்க்க உட்கார்ந்தாள்.

வந்தவருக்கு வருத்தம்தான். இருந்தாலும் பூதக்கண்ணாடியை உறையில் போட்டுவிட்டு, கொடுத்த டீயைக் குடித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினார்.

“அம்மா, விக்க வேண்டாம். அதை மட்டும் தயவுசெஞ்சு கழுவிடாதீங்க.”

“நல்லா சொன்னீங்க! இத்தனை வருஷம் கழுவாதவளா இனிமே கழுவப் போறேன்?”

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். விட்டால் படாரென்று அறைந்துகொள்ளும் கதவு அது. பலகையில் ஒரு சீசாவும் அதிராதபடி, மருமகள் கை கொடுத்து மெல்லச் சாத்தினாள்.