சென்றாயன் கொடுத்த போர்வை

யுத்த காலத்து மார்கழியில், பாப்பாரப்பட்டிச் சந்தையில் பனியில் படுத்துக் கிடந்தவர்களுக்காகச் சென்றாயன் ஒரு காலிக் கிடங்கைக் கேட்டு வாங்கினான். தொண்டர்கள் என்று இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, போர்த்திக்கொள்ள மண்டிக்காரரிடம் வெற்றுச் சாக்குகளும் வாங்கி வந்தான். தன்னை நாலு பேர் தலைவர் என்று கூப்பிட வேண்டுமென்ற அவசரத்தில், அவை மிளகாய்ச் சாக்குகள் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

விடிந்தபோது கிடங்கு காலி. எல்லாரும் மறுபடி சந்தை மரத்தடியில், கண்ணும் மூக்கும் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏனுங்க தலைவரே,” என்றாள் சுமை தூக்கும் கருப்பி, “குளுருல சாவறவங்கள தும்ம வெச்சே கொன்னுடலாமுன்னு பாத்தீங்களா?”

“தலைவருக்கு மூக்கு இல்லீங்க ஆத்தா, வாய் மட்டுந்தான்,” என்றான் சென்றாயன்.

சிரித்தார்களே தவிர யாரும் எழுந்திருக்கவில்லை. முந்தின வாரம்தான் ஒரு கிழவர் அதே மரத்தடியில் விறைத்துச் செத்திருந்தார். இன்றைக்கும் இவர்கள் வெளியே படுத்தால்? சென்றாயன் பயந்துபோய், தன் மாட்டுக்குத் தீனியாக வைத்திருந்த காய்ந்த கேழ்வரகுத் தாளை வண்டியில் ஏற்றிவந்து கிடங்கில் பரப்பினான்.

“மொதல்ல நீங்க உருண்டு காட்டுங்க,” என்றாள் கருப்பி.

ஊரே பார்க்க உருண்டான். தும்மல் வரவில்லை, அரிப்புதான் வந்தது. முதுகைச் சொறிந்துகொண்டே எழுந்தவனைப் பார்த்துவிட்டு, கருப்பி தன் மூட்டையோடு உள்ளே நுழைந்தாள்.

“சொறிஞ்சாச்சும் ஒடம்பு சூடாவும். எல்லாரும் வாங்க,” என்றாள்.