இருவருக்கும் ஒரே குரல்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குக் 'கன்ட்ரோல் அக்கா' என்று பெயர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், எந்த வண்டி எந்தத் தெருமுனையில் நிற்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஓட்டுநர்களில் பாதிப் பேரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. குரலை வைத்துத்தான் பழக்கம். ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தாலும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும், முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

அண்ணன் தம்பி இருவரில் மூத்தவன் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்; அவனும் அவளிடம் அப்படிக் குரலாகத்தான் வந்து சேர்ந்தான். ஊரே பற்றி எரிந்தாலும் பதறாத, அடித்தொண்டைக் குரல். "சொல்லுங்க" என்று அவன் சொன்னால் போதும், அந்தப் பக்கம் எப்படிப்பட்ட விபத்தாக இருந்தாலும் இனி எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். பிறகு நேரில் பார்த்தார்கள், பிடித்துப்போனது, இரண்டு வீட்டிலும் பேசிக் கல்யாணத்துக்கு நாளும் குறித்தார்கள்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம், நோயாளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, பாலத்து வளைவில் அவன் வண்டி கவிழ்ந்தது. பணியில் இருந்தவள் அவள்தான். அவன் வண்டியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பதில் இல்லை. அந்த வளைவுக்கு இன்னொரு வண்டியை அனுப்பி வைத்ததும் அவள்தான்.

அவன் பிழைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் அம்மாவும் தம்பியும் இருந்தார்கள். தம்பி குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். கல்யாணத்துக்கு முன்பே அவளை வாய் நிறைய 'அண்ணி' என்று கூப்பிட்டுக் கேலி செய்துகொண்டிருந்தவன், சாவுக்குப் பிறகு அந்த வார்த்தையை விட்டுவிட்டான். வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள், அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்று கேட்க போன் செய்தான். அவள் பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "நான்தான் பேசறேன்" என்றது குரல். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போனது. அடுத்ததும் போனது.

நேரில் பேசும்போது அவளுக்கு இது தெரிந்ததே இல்லை. இளையவன் ஒல்லி, துறுதுறுப்பு, பேச்சுக்குப் பேச்சு கையை ஆட்டுபவன். உடம்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அப்படியே மூத்தவன் குரல்.

அவள் போய் உட்கார்ந்தால் அந்த அம்மா நாலு வாய் சாப்பிட்டாள். அதனால் அடிக்கடி போனாள். இளையவன் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்க ஆரம்பித்த போன், நாளடைவில் காரணமே இல்லாமல் நீண்டது. எப்போது அது காதலானது என்று கேட்டால் இருவராலும் சொல்ல முடியாது. அக்கம்பக்கம் கொஞ்ச நாள் வாய்க்கு வந்தபடி பேசியது, பிறகு ஓய்ந்தது. அந்த அம்மா போன உயிரில் பாதி திரும்பி வந்ததுபோல நடமாடினாள். அவளும், தான் தேறிவிட்டதாகத்தான் நினைத்தாள். ஒன்று மட்டும் இடித்தது. அவன் நேரில் வருகிறேன் என்றால், "இப்ப எதுக்கு அலையறீங்க, போன்லயே பேசுங்களேன்" என்று சொல்லிவிடுவாள்.

ஒரு விடுமுறை நாளில் அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி மக்கர் செய்ய, அவன் வந்தான். பெட்டியைத் திருப்பி வைத்து அதன் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, வேலை பார்த்துக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தான். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி, 'உம்' கொட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில், மூத்தவனை மட்டும் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி, "மழையில மெதுவா ஓட்டுங்க" என்றாள்.

திருப்புளிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டது. வேலை முடிந்து போகும்போது அவன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. இருவருக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் நடமாடுவதுபோல இருந்தது. அவனை விட்டு விலகிவிட வேண்டும் என்று தன் அக்காவிடம் சொன்னாள். அக்கா நடைமுறை தெரிந்தவள்: வேலை மாற்றல் என்று சொல், உடம்பு சரியில்லை என்று சொல், உள்ளதைச் சொல்லி எதற்கு அந்தப் பையனை அறுக்க வேண்டும் என்றாள். அவளும் யோசித்துப் பார்த்தாள். பொய்யைச் சொன்னால் அவன் தன்னிடம்தான் குறை தேடுவான். தன் ஒல்லி உடம்பை, தன் தொழிலை, தன் பேச்சை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்பான். அந்தப் பாவம் வேண்டாம் என்று முடிவு செய்தாள். போனில் சொல்லவும் கூடாது.

அவன் பட்டறைக்கே போனாள். மத்தியானம், வேறு யாரும் இல்லை. கழற்றிப் போட்ட கதவுகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. அவன் துணியால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்கார்ந்து, அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"உங்க மேல ஒரு குறையும் இல்ல. நீங்க பேசினா எனக்கு உங்க அண்ணன் பேசற மாதிரி இருக்கு. அதுக்காகத்தான் பேசிக்கிட்டே இருந்திருக்கேன். எனக்கே லேட்டாத்தான் புரிஞ்சது. இப்படியே உங்களைக் கட்டிக்கிட்டா, உங்க வீட்டுக்குள்ளேயே உங்களை இல்லாம ஆக்கிடுவேன்."

அவன் கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"தெரியும்" என்றான். "போன்ல வேற ஆளா பேசுவீங்க. நேர்ல வேற ஆளு. நான் நேர்ல இருக்கறவங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். போகப்போக சரியாயிடும்னு நெனச்சேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு தடவைகூட நானா இருந்ததில்லையா?" என்று கேட்டான்.

இதற்கு 'இல்லை' என்றோ 'எப்போதுமே' என்றோ சொல்லி எழுந்துவிடலாம். அவள் உண்மையைத் தேடிப் பார்த்தாள்.

"சிரிக்கும்போது நீங்கதான். அவருக்கு உங்களை மாதிரி வாய்விட்டுச் சிரிக்க வராது. அப்ப எனக்குப் பிடிச்சது உங்களைத்தான்."

"அது போதாதா?"

"உங்களுக்குப் போதாதுங்க. முழுசா உங்களைப் பாக்கற ஒருத்தி உங்களுக்கு வரணும்."

அவன் துணியை வைத்துவிட்டு வாசல் வரை வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, வெறும் தலையை மட்டும் அசைத்தான். அதற்குப் பிறகு வெகுகாலம் அவள் காதில் விழும்படி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாதபோதும் எழுத்தில்தான் சேதி வரும்.

பிரிந்த பிறகுதான் அவளுக்குப் பெரிய சோதனை வந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஓர் அழைப்புக்கும் இன்னோர் அழைப்புக்கும் நடுவே, ஹெட்போனில் வெற்று இரைச்சல் ஓடும்போது, "சொல்லுங்க" என்று கேட்கும். முன்பெல்லாம் அது மூத்தவன். இப்போது யாரென்று பிரிக்க முடியவில்லை. செத்தவனையும் உயிரோடிருப்பவனையும் அவள் காது ஒன்றாகக் குழைத்துவிட்டிருந்தது. ஒருவனை விட்டதில் இருவரையும் இழந்துவிட்டோமோ என்று தோன்றும். இருந்தாலும், சொன்னது தப்பு என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

இளையவனுக்குப் பின்னர் கல்யாணமானது. அவள் தனியாகவே இருந்தாள். அந்த அம்மாவைப் பார்க்கப் போவதை மட்டும் விடவில்லை. அப்படிப் போன ஒரு மாலை, பக்கத்து அறையில் இளையவன் மனைவியிடம் எதையோ கேட்டது சுவரைத் தாண்டி வந்தது. அவள் கை தானாக நாற்காலிச் சட்டத்தை இறுக்கியது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு" என்றாள் கிழவி, குரலைத் தாழ்த்தி. "அவன் கூப்பிட்டா, மொதல்ல பெரியவன்னுதான் நெனப்பேன். அப்புறம்தான் திரும்பிப் பாப்பேன். அவன்கிட்ட நான் சொன்னதே இல்ல. நீயாவது சொன்னியாமே."

அவள் நாற்காலியைக் கிழவியின் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்து அறையில் பேச்சு நின்றுவிட்டிருந்தது. அந்தக் குரல் மறுபடி வருமா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.