இரண்டு பவளத் துண்டுகள்

திண்டிவனத்தில் நான் பாடம் நடத்தும் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் இரண்டு பவளத் துண்டுகள் இருக்கின்றன. ஒன்று மான்கொம்பாகக் கிளைத்தது, மற்றது கட்டையாகத் திரண்டது. வேறு வேறு இனம் என்றே எல்லோரும் சொன்னார்கள். லென்ஸில் பார்த்தால் இரண்டின் மேலிருக்கும் குழிகளும் ஒரே அமைப்பில்தான் இருந்தன. அலை மோதும் இடத்தில் வளர்ந்தது கட்டையாகிவிட்டது, இனம் ஒன்றுதான் என்று வருடக்கணக்கில் சொன்னேன். என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார்.

என்னோடு படித்த தோழி, அதே இரண்டு வகையையும் கடலிலிருந்து நகத்தளவு எடுத்து மரபணுச் சோதனை செய்தாள். ஒரே இனம்தான் என்று விழுப்புரம் கருத்தரங்கில் அவள் அறிவித்ததும் அரங்கமே கைதட்டியது. "இத என் ஃப்ரெண்டு எப்பவோ சொல்லிட்டா" என்று மேடையிலிருந்து என்னைக் காட்டினாள். மனசுக்குள் அவளைத் திட்டுவதற்குக்கூட வழி வைக்கவில்லை, பாவி.

திரும்பும்போது பஸ்ஸில், கருத்தரங்குக்குக் கூட வந்திருந்த வீட்டுக்காரர், "அந்தம்மா எவ்ளோ கரெக்டா கண்டுபுடிச்சிக்கிறாங்க பாரு" என்றார். விக்கிரவாண்டி தாண்டியும் அதே பேச்சு.

"நான் சொன்னப்ப சிரிச்சீங்களே" என்றேன்.

"நீ சும்மா பாத்துதான சொன்ன" என்றார்.